‘டிஸ்குளோஸ்’ என்னும் சொல்லின் பொருள்

சில மாதங்களுக்கு முன் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றுடன் என் அலுவலகத்திற்கு வந்தார். அவர் கடன் கோரி விண்ணப்பித்திருந்த நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் அது. முன்பு பெற்ற கடன்களை ‘டிஸ்குளோஸ்’ செய்யுமாறு அதில் கண்டிருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியவர், “நீர் ஒளித்ததைக் கேட்கிறார்கள்” என்று பொருள் கூறிவிட்டாராம். “நான் எதையையா ஒளித்தேன்?” என்று மனம் நொந்து கேட்டார் உறுப்பினர்.

இச்சொல்லில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ‘மூடு’ என்று பொருள்படும் லத்தீன் வினையடியாகப் பிறந்த சொல் இது. ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு அதற்கு எதிர்ப்பொருளைத் தருகிறது. ஆகவே, மூடியதைத் திறத்தல் என்பது இதன் வேர்ப்பொருளாகும். ஒருவர் தாம் அறிந்ததை, அறிய வேண்டியவருக்குத் தாமே தெரிவித்தல் என்பது வழக்குப் பொருள். பிறர் குற்றத்தை அம்பலப்படுத்துவதற்கு ‘எக்ஸ்போஸ்’ என வேறு சொல் உண்டு. மறைந்திருப்பதைத் தேடிக் கண்டறிதல் ‘டிஸ்கவர்’ எனப்படும்.

இவ்வேறுபாடு குடியானவர்களுக்கு மிகவும் முக்கியமானது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில் இவ்விரு சொற்களும் அருகருகே வருகின்றன. நிலத்திலோ அதன் உரிமையிலோ முக்கியக் குறை இருப்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் அவரால் ‘டிஸ்கவர்’ செய்ய இயலாது. அந்நிலையில், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அக்குறையை ‘டிஸ்குளோஸ்’ செய்வது விற்பவரின் கடமை. சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்று அப்பிரிவே கூறுகிறது. பதிவான அடமானத்தை வில்லங்கச் சான்று காட்டிவிடும். பத்திரத்தில் ஏறாத உடன்பிறந்தாள் பங்கு, விற்பவர் வாய் திறந்தாலன்றி எளிதில் வெளிவராது.

ஊராட்சிக்கும் இக்கடமை உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி, பொது அமைப்புகள் தம் வரவு செலவுத் திட்டம், மானியத் திட்டங்கள், அவற்றின் பயனாளிகள் முதலிய விவரங்களை எவரும் கேட்குமுன்னரே வெளியிட வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதன்று. விலக்குகளை 8-ஆம் பிரிவு வகுத்துள்ளது. கிராம சபையில் கணக்கைத் தாமே படித்துக் காட்டும் தலைவர்மீது ஐயம் எழுவது அரிது. கேட்டபின் காட்டும் கணக்கு சரியாகவே இருப்பினும், ஊரார் அதை இருமுறை எண்ணிப் பார்ப்பர்.

இவற்றைக் கேட்ட உறுப்பினர், என் மேசையருகே அமர்ந்து தம் இரு கடன்களையும் தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டார். எழுந்து செல்லும்போது, “இதைத்தானா கேட்டார்கள்? முதலிலேயே சொல்லியிருப்பேனே!” என்றார்.

அச்சொல்லின் முழுப்பொருளும் அதுவே.