லக்ரோஸ் தெரிவும் ஒரு தலையிடியும்

எங்கள் மகனுக்கு 12 வயது. பள்ளிக்கூடத்தால் வந்தால் கதிரை, அதற்கு முன்னால் கணினி. 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது வியர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும், பொழுதுபோக்குக்காகத் திரை பார்ப்பது 2 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று கனடிய வழிகாட்டி சொல்கிறது. எங்கள் சமூகத்தில் நீரிழிவு இளவயதிலேயே எட்டிப் பார்ப்பதும் நாமெல்லோரும் அறிந்ததுதான். ஆகவே அவன் ஒருநாள் வந்து "நான் லக்ரோஸ் விளையாடப் போறன்" என்றபோது எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

அம்மம்மாவுக்குத்தான் பயம். "தடியால அடிபடுற விளையாட்டோ? பிள்ளையை அனுப்பாதேங்கோ" என்றார்.

மருந்து விளையாட்டு

லக்ரோஸ் இந்த மண்ணின் பூர்வகுடிகளின் விளையாட்டு. ஹோடனோஷோனி மக்கள் இதை 'மருந்து விளையாட்டு' என்றும் சொல்வார்கள். நோயாளி சுகம் பெற வேண்டும் என்று வேண்டி ஆடும் வழக்கம் அவர்களிடம் உண்டு. 1994 இல் கனடா இதனைத் தனது தேசியக் கோடைகால விளையாட்டாகச் சட்டமாக்கியது. குளிர்காலத்துக்கு ஹொக்கி. 1908 இற்குப் பின் பதக்கத்துக்கான ஒலிம்பிக் போட்டியாக நடைபெறாத லக்ரோஸ், 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் பட்டியலில் மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது.

ஒன்ராறியோவில் பிள்ளைகள் அதிகம் விளையாடுவது உள்ளரங்க லக்ரோஸ். ஹொக்கி மைதானத்தின் ஐஸை அகற்றியபின் வரும் கொங்கிறீற் தரையில், கோல் காப்பாளருடன் சேர்த்து ஓர் அணிக்கு 6 பேர் ஆடுவார்கள். தடியின் நுனியில் உள்ள வலைக்குள் இறப்பர் பந்தை ஏந்தி ஓட வேண்டும். ஓட்டம், கைக்கும் கண்ணுக்குமான ஒத்திசைவு, சுவாசம் எல்லாவற்றுக்கும் நல்ல பயிற்சி.

காசுக்கு என்ன செய்வது?

ஹொக்கிக்கு ஆகும் செலவைக் கேட்டுப் பின்வாங்கிய குடும்பங்களில் நாங்களும் ஒன்று. லக்ரோஸில் சறுக்குச் சப்பாத்து இல்லை, ஐஸ் வாடகையும் இல்லை. ஆனாலும் தடி, முகக்கம்பியுடன் தலைக்கவசம், கையுறை, தோள், முழங்கை, விலா காப்புகள், பற்காப்பு என்று பட்டியல் நீண்டது.

விசாரித்ததில், குறைந்த கட்டணம் வாங்கும் ஒரு சிறிய கழகம் கிடைத்தது. முதல் வருடத்துக்குச் சாமான்களை இரவல் கொடுத்தார்கள். தோள் காப்பையும் கையுறையையும் பாவித்ததாக வாங்கலாம். தலைக்கவசத்தை மட்டும் வெடிப்பு உண்டா, தரச்சான்று முத்திரை உண்டா, காலாவதித் திகதி என்ன என்று பார்க்காமல் வாங்க வேண்டாம். நிதி நெருக்கடியில் உள்ள குடும்பங்களின் 4 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் உதவ 2005 இல் தொடங்கப்பட்ட 'ஜம்ப்ஸ்டார்ட்' போன்ற நிதியங்களும் உள்ளன. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தெரிவு நாள்

பதிவு செய்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கழகத்தின் உள்ளூர் அணிகளில் இடம் உண்டு. வேறு ஊர்களுக்குப் போய் விளையாடும் அணிக்கு மட்டும் தெரிவு நடக்கும். மகன் அதற்குத்தான் ஆசைப்பட்டான். மாதக்கணக்காகப் பின்வளவுச் சுவரில் பந்தடித்துப் பழகினான். ஏப்ரலில் ஒரு சனியும் ஞாயிறும் தெரிவு.

சனிக்கிழமை நன்றாகத்தான் செய்தான். தரையில் உருண்ட பந்துக்கு ஓடியபோது இன்னொரு பிள்ளையுடன் மோதி, தலை பக்கப் பலகையில் பட விழுந்தான். எழுந்தான், கை காட்டினான், தொடர்ந்து ஓடினான். நாங்களும் கை தட்டினோம்.

காரில் ஏறியபின்தான் வாய் திறந்தான். "தலை இடிக்குது. வெளிச்சம் கண்ணைக் குத்துது. கோச்சிட்டைச் சொல்லாதேங்கோ அப்பா, நாளைக்கு விடமாட்டினம்."

உண்மையைச் சொல்கிறோம்: நாங்கள் உடனே தொலைபேசியை எடுக்கவில்லை. ஒரு பனடோலும் நல்ல நித்திரையும் போதும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் மறுக்கவில்லை. பிள்ளையின் ஆசை ஒரு பக்கம், மாதக்கணக்கான உழைப்பு மறுபக்கம். வீட்டுக்கு வந்தபின்தான், பதிவின்போது வாசிக்காமலே கையெழுத்திட்ட தாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

அது ரோவன் சட்டத்துக்கான தாள். ரோவன் ஸ்ரிங்கர் ஒட்டாவாவைச் சேர்ந்த 17 வயது ரக்பி வீராங்கனை. முதல் அடிகளின் மூளையதிர்ச்சி ஆறுமுன் மீண்டும் விளையாடி, மறுபடியும் அடிபட்டு 2013 இல் உயிரிழந்தார். அதன்பின் 2018 இல் ஒன்ராறியோவில் அவர் பெயரால் சட்டம் வந்தது. மூளையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை விளையாட்டிலிருந்து எடுக்க வேண்டும். மருத்துவரோ தாதிய மருத்துவரோ அனுமதிக்காமல் முழுப் பயிற்சிக்கோ போட்டிக்கோ திரும்ப முடியாது.

அன்றிரவே பயிற்றுநரை அழைத்தோம். "சொன்னதுக்கு நன்றி, நாளைக்கு வரவேண்டாம்" என்றார். மகன் அழுதான். எங்களுடன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை

மருத்துவர் மூளையதிர்ச்சி என்றே உறுதி செய்தார். அவர் விளக்கியவற்றில் முக்கியமானவை:

- தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. மயங்கி விழாவிட்டாலும் மூளையதிர்ச்சி ஏற்படலாம்.
- தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். சில மணித்தியாலம் கழித்தும் தோன்றலாம்.
- திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, நினைவிழப்பு, கடும் கழுத்து வலி, கைகால் பலவீனம், இரட்டைப் பார்வை: இவற்றில் ஒன்று கண்டாலும் 911.
- முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, திரையைக் குறைத்தல். இருட்டறையில் நாட்கணக்கில் படுக்க வைக்கத் தேவையில்லை. பிறகு மெல்லிய நடை, முதலில் பள்ளிக்கூடம், கடைசியில்தான் போட்டி. படிப்படியாகத் திரும்ப வேண்டும்.

மகன் திரும்ப மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் அணி முடிவாகிவிட்டது, அவன் பெயர் அதில் இல்லை. மே மாதக் கடைசியில் உள்ளூர் அணியில் சேர்ந்தான். வாரத்தில் இரண்டு மாலை வியர்த்துக் களைத்து வீடு வந்து, சோற்றையும் பருப்பையும் இரண்டாம் தரமும் கேட்கிறான். அம்மம்மா இப்போது போட்டிகளுக்கு வருகிறார். பந்து எங்கே போகிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. யாராவது விழுந்தால் மட்டும் முதலில் எழும்புபவர் அவர்தான்.

பெற்றோரே, பிள்ளைகளை விளையாட அனுப்புங்கள். அனுப்புமுன் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: "தலையில் பட்டால் எங்களிடம் சொல்லு. நாங்கள் ஏசமாட்டோம்." பிறகு பிள்ளை சொன்னால், அதைக் கேட்டு நடப்பது எங்கள் பொறுப்பு. அடுத்த ஏப்ரலிலும் தெரிவு வரும்.