உங்களுக்குத் தெரியுமா? பினாங்கில் சரக்கு இறங்கினால்...

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைத் தீர்வையில்லாத் துறைமுகமாகத்தான் திறந்தார். சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டையோடு வந்த சூலியா வணிகர்களுக்கு அது பெரிய சலுகை. நடுவில் சில காலம் வரி போட்டுப் பார்த்ததும் உண்டு. 1969இல் சலுகை போயிற்று. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் வந்தபோது, அதற்குள் இருந்த தொழிற்சாலைகளுக்கு மட்டும் பழைய சுகம் ஓரளவு திரும்பியது.

ஜார்ஜ்டவுனில் மணிக்கூண்டோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம், அதாவது சுங்கத்துறைக் கட்டடம், ரயில் நிலையமாகக் கட்டப்பட்டது. ஆனால் ஒரு ரயிலும் அங்கே வந்ததில்லை! டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படகேறி, அக்கரையில்தான் வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. இன்று கண்டெய்னர்கள் இறங்குவதும் அக்கரையில், பட்டர்வொர்த்தில்தான்.

இறக்குமதி வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல. கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைக்கு. 1,000 ரிங்கிட் சரக்கு, கூலியும் காப்புறுதியும் 200 என்று வைத்துக்கொள்வோம். வரி 10 விழுக்காடு என்றால் 120. விற்பனை வரியும் 10 விழுக்காடானால் அது 1,320க்கு, அதாவது 132. வரிக்கும் வரிதான்.

ஆனால் வரியைக் கட்டி மீண்டுவிடலாம், எச்.எஸ். எண்ணில் தவறினால் மீள்வது கடினம். 1988 முதல் உலகம் முழுக்க ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் உண்டு. மலேசியா அதைப் பத்தாக நீட்டியிருக்கிறது. கே1 என்ற இறக்குமதிப் பாரத்தில் சுங்க ஏஜெண்ட் எழுதும் அந்த எண்தான் வரி எவ்வளவு, யாருடைய அனுமதி வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்கிறது. பிளாஸ்டிக் கழிவுக்கு 3915, அனுமதி கட்டாயம். அனுமதி கேட்காத வேறோர் எண்ணைப் போட்டுக் குப்பையை உள்ளே தள்ளுவது தெரிந்த தந்திரம். அப்படிக் கள்ளத்தனமாக வந்தவற்றில் 150 கண்டெய்னர்களை, 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பியனுப்பியதாக 2020 ஜனவரியில் அமைச்சர் இயோ பீ யின் பட்டர்வொர்த்தில் அறிவித்தார். பெரும்பகுதி பினாங்குத் துறைமுகத்தில் சிக்கியது. திருப்பியனுப்பும் செலவு கப்பல் கம்பெனிகள் தலையிலும் வணிகர்கள் தலையிலும் விழுந்தது. அரசு ஒரு காசும் தரவில்லை.

வரிக்கும் அனுமதிக்கும் அடுத்தது தரம். மலேசியத் தரநிலைகளில் 'எம்.எஸ். 1' எதற்கு? மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு. தரச்சான்று தரும் சிரிம் நிறுவனத்தின் முத்திரை இல்லாத ஹெல்மெட் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

மிக்சி போன்ற சமையலறை மின்கருவிகளை விற்பனைக்குத் தருவிப்பவர், சுங்கத்துக்குப் போகுமுன் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் சான்றிதழை வாங்க வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு இதைப் பற்றி விசாரிப்பவர்கள்தான் துறைமுகத்துக்கு நாள் வாடகை கட்டுகிறார்கள்.

லிட்டில் இந்தியாவில் முறுக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறக்குமதி உணவென்றால் எந்த நாட்டுச் சரக்கு, மலேசியாவில் தருவித்தவர் யார், அவர் முகவரி என்ன என்பதெல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழ் மட்டும் போதாது.

இணையத்தில் 500 ரிங்கிட்டுக்குள் வெளிநாட்டுச் சாமான் வாங்கினால் வரி கிடையாது என்பது பழைய கதை. 2024 ஜனவரி 1 முதல் அதற்கும் 10 விழுக்காடு.

எந்த அனுமதி கேட்டாலும் கிடைக்காத பொருள்களும் உண்டு. முழுத்தடைப் பட்டியலில் பிரான்ஹா மீன், ஆமை முட்டை ஆகியவற்றோடு இருப்பது ஊசிமருந்துக் குழாய் வடிவப் பேனா! பள்ளிக்கூட வாசலில் வேடிக்கைப் பேனா விற்பவர்கள் கவனிக்க.