செந்நாய் சொல்லிக்கொடுத்த சினிமா

கிருபாகர், சேனானி என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் பலருக்கும் வீரப்பனால்தான் தெரியும். 1997 அக்டோபரில் பந்திப்பூரில் இருவரையும் கடத்தி 14 நாள் காட்டில் வைத்திருந்தான். மைசூரைச் சேர்ந்த இந்த நண்பர்களை நாம் அறிந்திருக்க வேண்டியது அவர்களின் செந்நாய்ப் படங்களுக்காக. பல ஆண்டு உழைப்பில் ‘வைல்டு டாக் டயரீஸ்’ வந்தது, பிறகு ‘தி பேக்’. 2010இல் ‘தி பேக்’ வைல்டுஸ்கிரீன் விழாவில் பாண்டா விருது வென்றது. இயற்கைப் படங்களுக்கான ஆஸ்கர் என்றே அதைச் சொல்வார்கள்.

செந்நாயைப் படமெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கூட்டம் புதரில் சிதறினால் சீழ்க்கையடித்து ஒன்றுகூடும். புள்ளிமானை வீழ்த்தியதும் முதல் பந்தி குட்டிகளுக்கு. பெரியவை ஒதுங்கி நிற்கும். வளையில் சிறு குட்டிகள் இருந்தால், வயிறு நிறையத் தின்று வந்து அவற்றின் முன் கக்கி ஊட்டும். இது தெரிந்தவருக்கே எந்த மாதம் போவது, கேமராவை எங்கே வைப்பது என்பது பிடிபடும். தெரியாதவர் மான் விழுந்ததோடு படத்தை முடித்துவிடுவார்.

பந்திப்பூர்ச் செந்நாய்களை முதலில் ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் நாங்குநேரிக்காரர். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1970களின் பிற்பாதியில் அவற்றின் பின்னாலேயே நடந்து குறிப்பெடுத்தார். 2024இல் காலமானார். இயற்கைப் படங்கள் எடுக்கும் சென்னையின் சேகர் தத்தாத்ரியும் விலங்கியல் பட்டதாரிதான். கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத்தாதுச் சுரங்கம் பற்றி 2001இல் அவர் எடுத்த படம், அந்தச் சுரங்கத்துக்கு எதிரான போராட்டத்துக்குப் பெரும் பலமாக இருந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 முடிவில் சுரங்கம் மூடப்பட்டது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் அறிவியல் படித்தவர்களை மனத்தில் வைத்தே இயற்கைப் பட முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. இங்கோ பெரும்பாலும் விலங்கியல் ஒரு கட்டடத்தில், காட்சித் தொடர்பியல் வேறொரு கட்டடத்தில்.

இரண்டையும் ஒன்றாகக் கற்பிக்க மைசூரில் என்ன குறை? மானசகங்கோத்ரி வளாகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது, கல்விப் படங்கள் தயாரிக்கும் மையமும் இருக்கிறது. 1996இல் தொடங்கிய நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இதே ஊரில்தான். ஊட்டிச் சாலையில் 80 கிலோமீட்டர் போனால் பந்திப்பூர், அதைத் தாண்டினால் நம் முதுமலை. மைசூர்ப் பல்கலைக்கழகமும் கோவை பாரதியார் பல்கலைக்கழகமும் கைகோத்து ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்க வேண்டும். முதல் ஆண்டு காட்டுக்கும் குறிப்பேட்டுக்கும் இருக்கட்டும். கேமராவை இரண்டாம் ஆண்டில் கொடுக்கலாம்.