மதுரை விமான நிலையத்திலிருந்து சேதுவுக்கு: முதியோரின் கார்ப் பயணம்

காசி சென்று திரும்பிய குடும்பங்களில், கங்கைத் தீர்த்தம் நிறைந்த செப்புச் சொம்பு பூஜை அறையில் காத்திருக்கும். அத்தீர்த்தம் இராமநாத சுவாமிக்கு அபிஷேகமான பின்னரே யாத்திரை பூர்த்தியாகிறது என்பது பெரியோர் வழக்கு. இராமேஸ்வரத்தில் விமான நிலையம் இல்லை. ஆகவே சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ விமானத்தில் வரும் முதிய தம்பதியர், மதுரையில் இறங்கிச் சாலை வழியே சுமார் 170 கிலோமீட்டர் செல்கின்றனர். விமானச் சீட்டையும் விடுதி அறையையும் வெளியூரிலிருந்தே கவனமாகப் பதிவு செய்யும் பிள்ளைகள், இடைப்பட்ட மூன்றரை மணி நேரத்தை மட்டும் ‘இறங்கியதும் ஒரு டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். எழுபதைக் கடந்தவர்களுக்கு யாத்திரையில் கடினமான பகுதி அதுதான்.

காரைப் பதிவு செய்யும்போது விமானம் இறங்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கோயில் நடையையும் பார்க்க வேண்டும். பிற்பகல் ஒரு மணியளவில் நடை சாத்தப்பட்டு, மூன்று மணியளவில் மீண்டும் திறக்கப்படுகிறது. காலை எட்டு மணிக்கு மதுரையில் இறங்குபவர், பெட்டிகளை எடுத்துக்கொண்டு எவ்வளவு விரைந்தாலும் பன்னிரண்டரைக்குத்தான் சந்நிதித் தெருவை எட்டுவார். ‘உச்சிக்குள் தரிசனம் முடித்துவிடலாம், கொஞ்சம் வேகமாகப் போங்கள்’ என்று ஓட்டுநரை விரட்டுவது இத்தகைய கணக்கினால்தான். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அதற்கப்பால் சாலை குறுகிவிடுகிறது. அங்கே வேகம் ஆபத்தே ஒழிய ஆதாயமில்லை. பிற்பகலில் சென்று சேர்ந்து, இளைப்பாறி, மறுநாள் விடியலில் அக்னி தீர்த்தத்திலும் கோயிலுக்குள் உள்ள இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவதே முதிய உடலுக்கு ஏற்றது. ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் செய்ய வருவோர் முந்தைய நாளே தீவுக்குள் சென்றுவிடுவது நல்லது. அந்நாட்களில் வாகனங்கள் நெடுந்தூரம் தேங்கி நிற்கும்.

1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குள் காரை ஓட்டிச் செல்லச் சாலை வழி இருந்ததில்லை. அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே சேதுபதி மன்னர்கள் யாத்ரீகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டி வைத்தார்கள். நடந்து வந்தவர்களுக்கு அங்கே நிழலும் அன்னமும் கிடைத்தன. கால்களுக்கும் ஓய்வு கிடைத்தது. இன்றைய கார் எங்கும் நிற்காமல் பறக்கிறது. இறங்கும்போது பாதம் வீங்கியிருக்கிறது. மானாமதுரையை ஒட்டியும் இராமநாதபுரத்திலுமாக இரு இடங்களில் கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்று பதிவின்போதே சொல்லிவிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது சலுகையன்று, தேவை.

கட்டணத்தில் மனஸ்தாபம் வருவதெல்லாம் ‘ஒன்வே’, ‘ரிட்டர்ன்’ என்ற இரு சொற்களின் பொருளில்தான். ஒரு வழிப் பயணத்தில் போகும் தூரத்துக்கு மட்டுமே கணக்கு. இரு வழியாயின், நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம்; வண்டி விடுதி வாசலில் நின்றிருந்தாலும் அத்தொகை உண்டு. ஓட்டுநர் பேட்டா, சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், விமானம் தாமதித்தால் காத்திருப்புக் கட்டணம் ஆகியவை சேர்த்தா, தனியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்றுக்கொள்வது நலம். உத்தரகோசமங்கைக்கும் தேவிபட்டினத்துக்கும் போக எண்ணமிருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். பாதி வழியில் ‘இதோ பக்கந்தானே’ என்று ஆரம்பித்தால் ஓட்டுநருக்கும் சங்கடம், முதலாளிக்கும் சங்கடம். முன்பணமாகச் சிறு தொகை கேட்பது தொழில் முறை. முழுப் பணத்தையும் முன்னதாகவே அனுப்பச் சொன்னாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ பேச்சை அத்துடன் முடித்துவிடலாம்.

வண்டி எண்ணும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் முந்தைய மாலையே வந்து சேர வேண்டும். வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டிக்குரியது. அதை வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. சில நூறு ரூபாய் குறைவென்று அதில் ஏறுவது அறிவுடைமை ஆகாது.

முழங்கால் வலியுள்ளவர் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழச் சிரமப்படுவார். உயரமான வண்டியில் ஏறவும் சிரமப்படுவார். எது இயலும் என்பதை உள்ளூரிலேயே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்துவிடலாம். சக்கர நாற்காலி உடன் வருமாயின், எரிவாயுவில் ஓடும் காரா என்று கேட்க மறக்கக் கூடாது. டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே அடைத்துக்கொண்டிருக்கும்.

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: ஓட்டுநர் முந்தைய இரவு உறங்கினாரா? இரவெல்லாம் வேறொரு சவாரி ஓட்டிவிட்டு, காலையில் விமான நிலையத்துக்கு அனுப்பப்படுபவரும் உண்டு. வண்டி அனுப்புபவரிடமே இதை நேராகக் கேட்கலாம். காரைத் திரும்பும் வரை வைத்துக்கொள்பவர்கள், ஓட்டுநர் படுக்க இடம் உண்டா என்று விடுதியில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இல்லையேல் அவர் கடற்கரைப் புழுக்கத்தில் கார் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பார்; விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி தனுஷ்கோடி அழைத்துச் செல்லச் சொல்வார்கள்; அன்று மாலையே மதுரையில் விமானம். தரிசனம் முடித்த நிறைவில் பின் இருக்கையில் தாத்தாவும் பாட்டியும் கண்ணயரும் அந்த 170 கிலோமீட்டரிலும் விழித்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான்.