கழற்றவும் பூட்டவும் கூடிய குழாய்
பொலித்தீன் நீர்க்குழாய்களைப் பொருத்துதலும் திருத்துதலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கித் தேங்குகின்றது. அதையே நாம் கிணற்றில் அள்ளுகின்றோம். இந்த நன்னீர், தன்னைவிடப் பாரமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் எழும். கிணறு ஒருமுறை உவர்த்தால் அது மீள நல்ல மாரிகள் பல வேண்டும். எனவே இறைத்த நீர் பயிரின் அடிக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது செலவுக் கணக்கு மட்டுமல்ல, கிணற்றின் ஆயுட் கணக்குமாகும்.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, 2010 ஆம் ஆண்டின் பின் கட்டங் கட்டமாகக் காணிகள் விடப்பட்டபோது திரும்பி வந்துள்ளன. இன்னும் தம் காணியை மிதிக்க முடியாமல் உறவினர் வளவிலும் குத்தகை நிலத்திலும் பயிர் செய்வோரும் உள்ளனர். திரும்பியவர்களுள் பலர் கண்டது தூர்ந்த கிணறும் உருத்தெரியாமற் போன வாய்க்காலுமே. சீமெந்து வாய்க்காலைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டும். ஆதலால் இன்று பலர் கறுப்புப் பொலித்தீன் குழாயையே நாடுகின்றனர்.

இக்குழாயின் பெரிய நன்மை அதன் பொருத்தில் உள்ளது. பீ.வீ.சீ. குழாயைப் பசை பூசி ஒட்டினால் அது ஒட்டினதுதான். பிரிக்க வேண்டுமானால் அறுக்க வேண்டும். பொலித்தீன் குழாயை நட்டு இறுக்கிப் பொருத்தலாம். நட்டைத் தளர்த்திக் கழற்றலாம். சுருட்டி எடுத்துச் சென்று வேறோர் இடத்தில் மீண்டும் பூட்டலாம். நாளை எந்தக் காணியில் இருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத குடும்பத்துக்கு இது சிறிய விடயமல்ல. ஆனால் அதைச் சரியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆயுதங்கள் தேவையில்லை. வீட்டில் ஆணும் பெண்ணும் வளர்ந்த பிள்ளையும் பழகிக்கொள்ளலாம்.

குழாயை அறிந்து வாங்குங்கள்

கடையில் "ஒரு இஞ்சிக் குழாய்" என்று கேட்டு வாங்குவதே பல கசிவுகளுக்குத் தொடக்கம். தடித்த பொலித்தீன் குழாய்கள் வெளிவிட்டத்தால் அளக்கப்படுகின்றன: 20, 25, 32, 40, 50, 63 மில்லிமீற்றர் எனக் குழாயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். மென்மையான சில பாசனக் குழாய்களோ உள்விட்டத்தால் அளக்கப்படுகின்றன. ஒன்றின் பொருத்தி மற்றதற்குச் சரிவராது. ஆகவே பொருத்தி வாங்கப் போகும்போது ஒரு சாண் குழாய்த் துண்டைக் கையில் கொண்டு செல்லுங்கள்.

குழாயில் 'பீ.என். 6' என்று இருந்தால் அது 6 பார் அமுக்கத்தைத் தாங்கும் என்பது பொருள். 10 மீற்றர் உயர நீர் ஏறத்தாழ 1 பார். இவ்வளவு 20 பாகை வெப்பத்துக்கே உரியது. வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் 40 பாகைக்குச் சூடேறினால் அதன் தாங்கு திறன் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறையும். தூவல் முறைப் பாசனம் செய்வோர் இதைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

பொருத்தியின் உள்ளே இருப்பவை

கடைகளில் 'கொம்பிரஷன் பிற்றிங்' எனப்படும் இறுக்குப் பொருத்தியைக் கழற்றிப் பார்த்தால் ஐந்து பாகங்கள் இருக்கும்: உடல், நீரைத் தடுக்கும் கறுப்பு றப்பர் வளையம், அதை இடத்தில் இருத்தும் தள்ளு வளையம், ஒரு பக்கம் வெட்டுள்ள பிளவு வளையம், நட்டு. நட்டு இறுகும்போது பிளவு வளையம் சுருங்கி, அதன் பற்கள் குழாயைக் கவ்வுகின்றன. குழாய் வெளியே இழுபட இழுபடப் பிடி இறுகும். நீரைத் தடுப்பது றப்பர். குழாயைப் பிடிப்பது பற்கள். இவ்விரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை விளங்கிக்கொண்டால், எது பிழைத்தது என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. குழாய் கழன்று வந்தால் பிளவு வளையத்தைப் பாருங்கள். துளி துளியாகக் கசிந்தால் றப்பரையும் குழாயின் முனையையும் பாருங்கள்.

பொருத்தும் முறை

1. குழாயை நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய முனை றப்பர் வளையத்தை ஒரு பக்கத்தில் மட்டும் தாண்டும். ஒரு கடதாசியைக் குழாயைச் சுற்றி விளிம்போடு விளிம்பு சேரப் பிடித்தால் நேர்கோடு கிடைக்கும்.

2. வாளால் அறுத்த தும்புகளைக் கத்தியால் நீக்கி, முனையின் வெளி விளிம்பை அரத்தால் சற்றுச் சரித்துவிடுங்கள். கூரான விளிம்பு றப்பரை வெட்டும்.

3. முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மண்ணைக் கழுவித் துடையுங்கள். நீளவாட்டில் ஆழமான கீறல் இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். எவ்வளவு இறுக்கினாலும் நீர் அக்கீறல் வழியே வரும்.

4. குழாய் எவ்வளவு ஆழம் உள்ளே போகவேண்டும் என்பதைப் பொருத்தியில் அளந்து, குழாயில் அடையாளம் இடுங்கள். பலர் விடும் படி இதுவே.

5. நட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள். முற்றாகக் கழற்றினால் பாகங்களின் ஒழுங்கை நினைவில் வைத்திருங்கள்: குழாயில் முதலில் நட்டு, பின்னர் பிளவு வளையம். பிளவு வளையத்தின் பருத்த பக்கம் பொருத்தியின் உடலை நோக்கி இருக்கவேண்டும்.

6. முனையைச் சவுக்கார நீரில் நனைத்து, மெதுவாகத் திருகியபடி தள்ளுங்கள். றப்பர் வளையத்தில் ஒரு தடை தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அடையாளம் வரை போகவேண்டும். கிறீஸ், எஞ்சின் ஒயில் பூசவேண்டாம். சில வகை றப்பர் எண்ணெயில் ஊதிக் கெட்டுவிடும்.

7. நட்டைக் கையால் இறுக்கி, பின்னர் பெரிய குழாய்களுக்கு மட்டும் சாவியால் சற்று இறுக்குங்கள். நட்டின் புரியில் ரேப் சுற்றத் தேவையில்லை. மோட்டாரோடு அல்லது இரும்புக் குழாயோடு இணையும் புரிமுனைக்கே ரேப் சுற்றவேண்டும். அதுவும் புரி ஓடும் திசையில். பிளாஸ்ரிக் புரிக்குள் இரும்பை மிகை பலத்துடன் முறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும்.

8. நீரை ஓடவிட்டுப் பார்த்த பின்னரே மண் மூடுங்கள்.

திருத்தும் முறை

குழாய்க்கு முதல் எதிரி மண்வெட்டி. அடுத்தது வேலியோரம் குப்பை கொளுத்தும் தீ. ஓட்டை விழுந்தால் சைக்கிள் ரியூப் சுற்றிக் கம்பியால் கட்டுவது அன்றைய இறைப்பை முடிக்க உதவும். அதற்கு மேல் நம்பக்கூடாது. பீ.வீ.சீ. பசை பொலித்தீனில் ஒட்டாது. முனையை நெருப்பில் வாட்டி விரித்து இன்னொரு குழாய்க்கு மேல் ஏற்றுவதும் குழாயை மெலிவித்து வட்டத்தைக் கெடுக்கும். பின்னர் எந்தப் பொருத்தியும் அதில் இறுகாது.

காயப்பட்ட பகுதியை முற்றாக வெட்டி நீக்குங்கள். இடைவெளி ஓரிரு விரற்கடையானால், குழாயை இழுத்து ஒரே பொருத்தியால் இணைக்க முடியலாம். அதற்கு மேலானால் அதே அளவுள்ள புதிய துண்டும் இரண்டு பொருத்திகளும் வேண்டும். புதைந்த குழாயாயின் இரு பக்கமும் ஒரு மீற்றராவது மண்ணை அகற்றுங்கள். முனைகளை வளைத்து விலக்க இடம் இல்லாவிட்டால் அடையாளம் வரை தள்ள முடியாது. வலிந்து தள்ளிய குழாய் ஒரு கிழமையில் கழரும்.

கிணற்றுப் பக்கம் உறிஞ்சு குழாயில் உள்ள பொருத்து வேறு விதமாக நோய் காட்டும். அங்கே நீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடும், நீர் விட்டு விட்டு வரும், அல்லது வராது. மோட்டாரைக் குறைசொல்லித் திருத்துநரிடம் கொண்டுபோக முன், உறிஞ்சு பக்கத்துப் பொருத்துகளில் சவுக்கார நுரை பூசுங்கள். நுரை உள்ளே இழுபடும் இடமே பிழையான இடம்.

வெயிலும் எண்ணெயும்

பொலித்தீன் ஒரு பாகை வெப்பத்துக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் நீளும். 100 மீற்றர்க் குழாய் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையில் 25 பாகை சூடேறினால் அரை மீற்றர் நீளம் கூடும். நண்பகலில் விறைப்பாக இழுத்துப் பூட்டிய குழாய், இரவில் சுருங்கித் தன்னைத்தானே பொருத்தியிலிருந்து இழுக்கும். எனவே பாம்பு ஊர்ந்ததுபோல் வளைவு விட்டுப் போடுங்கள், காலையில் பூட்டுங்கள், இயன்றவரை மண்ணால் மூடுங்கள். கல் நெருங்கிய நிலத்தில் ஆழமாகத் தோண்ட முடியாவிட்டாலும், கூரான சுண்ணக்கல் படாதபடி அடியில் மணல் அல்லது அரித்த மண் பரப்புங்கள்.

மண்ணெண்ணெயும் டீசலும் பொலித்தீன் சுவரை ஊடுருவிக் குடிநீருக்குள் வரக்கூடியவை. மோட்டாருக்கு எரிபொருள் ஊற்றும் இடத்தில் குடிநீர்க் குழாயை எடுக்காதீர்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த கவலையை நாம் மறக்கவில்லை. எம் கைக்கு எட்டிய காவலையாவது நாம் செய்யவேண்டும். கசியும் பொருத்தும் இவ்வாறே ஆபத்தானது. மோட்டார் நின்றதும் குழாய்க்குள் ஏற்படும் இழுவையால், வெளியே தேங்கிய அழுக்கு நீர் உள்ளே போகக்கூடும்.

யார் திருத்துவது?

"கசிந்த நீரும் மண்ணுக்குள்தானே போகின்றது" என்பார் உண்டு. ஒரு பகுதி போகும். ஆனால் எரிந்த எண்ணெய் திரும்பாது, கடைசிப் பாத்தி வெங்காயமும் நனையாது. நிமிடத்துக்கு 1 லீற்றர் கசியும் பொருத்து, 4 மணித்தியால இறைப்பில் 240 லீற்றரை விழுங்கும்.

எமது ஊர்களில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் உறுதியில் எழுதப்பட்டவை. குழாய் வழிக்கு அப்படி எழுத்து இல்லை. நான்கு பங்காளரின் குழாய் ஐந்தாமவர் காணியால் போகும்போது, வெடித்த பொருத்து மனத்தாங்கலாக மாறுகின்றது. தொடக்க நூலின் 26 ஆம் அதிகாரத்தில், தந்தை ஆபிரகாம் காலத்தில் வெட்டப்பட்டுப் பின் தூர்க்கப்பட்ட கிணறுகளை ஈசாக்கு திரும்பத் தோண்டுகின்றார். அதைத் தொடர்ந்து தோண்டிய புதுக் கிணறும் வாக்குவாதத்தில் முடிந்தது. தூர்ந்த கிணற்றைத் தோண்டிய எம் மக்களுக்கு அந்த அனுபவம் புதிதல்ல.

ஆகவே பங்குக் கிணறு உள்ளோர் இறைப்புக் காலம் தொடங்குமுன் ஒருநாள் கூடுங்கள். குழாய் செல்லும் வழியை ஒரு கொப்பியில் கீறி, ஒவ்வொரு பொருத்தும் எங்கே புதைந்துள்ளது என்று குறியுங்கள்; அந்த இடத்தில் ஒரு கல்லை நடுங்கள். எல்லோரும் காசு சேர்த்து இரண்டு பொருத்திகள், நான்கு றப்பர் வளையங்கள், இரண்டு மீற்றர்க் குழாய், ஒரு வாள், ஓர் அரம் ஆகியவற்றை ஒரு வீட்டில் வையுங்கள். யார் காணியில் வெடித்தாலும் முதலில் கண்டவர் மோட்டாரை நிறுத்தட்டும். திருத்தும் செலவு பங்கின்படி எல்லோருக்கும் உரியது என எழுதிக் கையொப்பமிடுங்கள். பயிர் முடிந்து குழாயைக் கழற்றும் நாளில் றப்பர் வளையங்களைக் கழுவி நிழலில் வையுங்கள். அடுத்த போகத்திலும், வேறு காணிக்குப் போக நேர்ந்தால் அங்கும், அவையே மீண்டும் உங்களுக்கு உதவும்.