டயரைக் கழற்றாமல் ரிம்மில் வெல்டிங் வைக்காதீர்கள்

டிராக்டர் பின்சக்கர ரிம்மில் துரு பெரும்பாலும் வால்வு ஓட்டையைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். பெயிண்ட் கொப்புளம் விடும். பழுப்புக் கோடு ஒன்று கீழே வழியும். வெளியே ஒரு ரூபாய் அகலம் தெரிந்தால், டயர் மூடியிருக்கும் உட்பக்கத்தில் அதைவிட அதிகமாகவே அரித்திருக்கும். சேற்றுழவுக்குப் போகும் வண்டிகளில், அதுவும் உப்பேறிய கடலோர வயல்களில், இது வேகமாக நடக்கும்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பி ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சக்கரம் வழுக்காமல் இருக்க, பின்டயரில் முக்கால் பங்கு வரை தண்ணீர் ஏற்றுவது பழைய வழக்கம். 13.6-28 அளவு டயர் என்றால் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் டியூப்புக்குள் இருக்கும்வரை ரிம்முக்குக் கெடுதல் இல்லை. டியூப்பில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலோ, வால்வு அடியில் கசிந்தாலோ, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் இரும்பிலேயே ஊறிக் கிடக்கும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். கரைசல் லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ வரை கனக்கும் என்பதால் எடைக்காகவும் சிலர் அதை நாடுவதுண்டு. நம் சமவெளியில் தண்ணீர் உறையப்போவதில்லை. ரிம்மைத் தின்னும் உப்பைக் காசு கொடுத்து ஏன் ஏற்ற வேண்டும்? எடை போதவில்லை என்றால் வார்ப்பிரும்பு வெயிட் மாட்டிக்கொள்ளலாம்.

துருவைவிட ஆபத்தானது, அவசரத்தில் அதைச் சரிசெய்யும் முறை. "காற்றை இறக்கியாச்சுண்ணே, அப்படியே ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுடலாம்" என்பார் பட்டறைக்காரர். தண்ணீரை வடித்து டயரைக் கழற்றும் கூலி மிச்சம் என்று வண்டிக்காரரும் தலையாட்டுவார். இதில் உயிர் போகலாம். ரிம் சூடானால் உள்ளே ரப்பர் கருகி, தீப்பிடிக்கக்கூடிய வாயுக்களை விடும். டயருக்குள் இருக்கும் காற்றோடு அவை கலந்து பற்றிக்கொண்டால் டயர் வெடித்துவிடும். வால்வு ஊசியைக் கழற்றியிருந்தாலும் பயனில்லை. கணநேரத்தில் ஏறும் அழுத்தம் அந்தச் சின்னத் துளை வழியே வெளியேற முடியாது. உள்ளே தண்ணீர் இருப்பதும் காப்பு ஆகாது, அது ஆவியானால் அழுத்தம் இன்னும் கூடும். வெல்டிங்கை நிறுத்திய பிறகு வெடிப்பதும் உண்டு. டயர் ரிம்மில் இருக்கும்போது கேஸ் வெல்டிங், கட்டிங், நட்டு இளகுவதற்காகத் தீ காட்டுவது எதுவுமே கூடாது.

சரியான வேலை நேரம் பிடிக்கும். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியோடு முட்டும் கொடுக்க வேண்டும். வால்வை மேலே வருமாறு திருப்பி முதலில் காற்றை விட்டுவிட்டுப் பிறகு கீழே திருப்பித் தண்ணீரை வடிக்கலாம். உப்புக் கரைசல் என்றால் வயலில் விடாதீர்கள், பயிர் கருகும். தண்ணீரோடு சக்கரம் சாய்ந்தால் ஒற்றை ஆளால் தாங்க முடியாது.

டயரைக் கழற்றிய பின் ரிம்மை நல்ல தண்ணீரில் கழுவி, வயர் பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் ரெட் ஆக்சைடும் பெயிண்ட்டும் போதும். வால்வு ஓட்டை மட்டும் அரித்திருந்தால், அதே கனமுள்ள தகட்டை வைத்துப் பற்றவைத்து, டியூப்பைக் கிழிக்காதபடி வழவழப்பாகத் தேய்க்கலாம். டயர் உட்காரும் விளிம்பில் குழி விழுந்திருந்தாலோ, போல்ட் ஓட்டையில் விரிசல் தெரிந்தாலோ ரிம்மை மாற்றியாக வேண்டும். அங்கே ஒட்டுப்போடுவது ஏமாற்று வேலை. திரும்பக் காற்றடிக்கும்போது டயரில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். டயரின் பக்கவாட்டுக்கு நேராக நிற்காமல், நீளமான குழாயோடு விலகி நில்லுங்கள்.

காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான வாகனக் காப்பீட்டில் தேய்மானத்துக்குப் பணம் கிடையாது. டயர், டியூப் மட்டும் சேதமானாலும் கிடையாது. வண்டியும் சேர்ந்து சேதமானால் மாற்றும் செலவில் பாதிதான்.

மட்டமான ரிம்மைத் தலையில் கட்டினாலோ, பட்டறை வேலை சொதப்பினாலோ, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். சொந்தப் பிழைப்புக்காக டிராக்டர் ஓட்டும் விவசாயி, வணிக நோக்கம் என்ற பெயரில் இதிலிருந்து விலக்கப்படுவதில்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். பில் இல்லாமல் எதையும் நிரூபிப்பது கஷ்டம், ஆகவே ரிம்முக்கும் கூலிக்கும் எழுத்தில் ரசீது கேளுங்கள். பழைய ரிம்மையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையின்போது டயர் வெடித்து ஓட்டுநரோ பட்டறைப் பையனோ காயப்பட்டால், வேலைக்கு வைத்தவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. மருத்துவச் செலவை மட்டும் கொடுத்து வெற்றுத்தாளில் கைரேகை வாங்க வந்தால் வைக்காதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.