கண்டெடுத்தவர் பெயர் எங்கே?

களை எடுக்கும்போது கையில் தட்டுப்படும் ஓட்டுச் சில்லுகளை வரப்பில் வீசிவிட்டுப் போவது நம் பெண்களுக்கு வழக்கம். கடலூருக்குத் தெற்கே குடிகாடு, காரைக்காடு பக்கத்தில் அப்படி வீசப்படும் சில்லுகளில் சில 2,000 ஆண்டுப் பழையவையாக இருக்கலாம். இன்று சிப்காட் ஆலைகளால் அறியப்படும் இவ்வூர்களில் தொல்லியலாளர்கள் முன்பே அகழாய்வு செய்திருக்கிறார்கள். அரிக்கமேட்டில் கிடைத்தவை போன்ற பானை ஓடுகளும் மணிகளும் இங்கும் கிடைத்தன. உட்புறத்தில் சிறு புள்ளிகள் வட்ட வரிசையாகப் பதிந்த, வழவழப்பான மெல்லிய தட்டின் துண்டு கிடைத்தால் அது கடல் வாணிபக் காலத்துப் பொருளாக இருக்க வாய்ப்புண்டு. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான சில்லு என்றால் அதையும் வீசிவிடாதீர்கள்.

கல் கருவியை அடையாளம் காண்பது இன்னும் எளிது. வண்டல் நிலத்தில் பாறை இல்லை. அங்கே இரண்டு பக்கமும் தேய்த்துக் கூராக்கிய கல் கிடைத்தால், யாரோ ஒரு மனிதர் அதை வெளியூரிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். மயிலாடுதுறை அருகே செம்பியன்கண்டியூரில் 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி தோண்டியபோது கிடைத்தது அப்படியொரு புதிய கற்காலக் கோடரிதான். அதிலிருந்த நான்கு குறிகளைச் சிந்து எழுத்துகள் என்றார் ஐராவதம் மகாதேவன். மறுத்தவர்களும் உண்டு. ஆனால் யார், எங்கே, எப்படி எடுத்தார் என்பது பதிவானதால்தான் அந்த விவாதமே நடந்தது.

அவர் ஆசிரியர், தோட்டமும் அவருடையது. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடிப்பவருக்கு என்ன நடக்கிறது? வாய்க்கால் வெட்டுவதும், சுடுகாட்டில் குழி தோண்டுவதும் நம் ஆட்கள். முதுமக்கள் தாழியின் விளிம்பை முதலில் தொடுவது அவர்கள் கைதான். செய்தியில் வருவதோ "தனியார் நிலத்தில் கிடைத்தது" என்ற ஒரு வரி. மண்ணே எடுத்துக் கொடுத்ததுபோல!

இந்த இடத்தில் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்கிறது அது. தெரிவிக்க வேண்டியவர் கண்டெடுத்தவர். மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் அறிவித்தபின், பங்கு பற்றிக் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் இடையே நடப்பில் ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்குதான் நிலத்துக்காரருக்கு. கூலியாள் கண்டெடுத்தவர் ஆகமாட்டார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனாலும் நம்மூர்ப் பண்ணைகளைவிடத் தாராளம்.

ஓட்டுச் சில்லுக்குச் சந்தையில் விலை கிடையாது. அதற்குப் பதிவுதான் மதிப்பு. 2024இல் பண்ருட்டி பக்கம் மருங்கூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. நம் மாவட்ட மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, வீட்டில் அம்மாவோ தாத்தாவோ எதையாவது கொண்டுவந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுங்கள். சர்வே எண், ஆழம், தேதி எல்லாம் குறியுங்கள். கலெக்டருக்கு ஒரு மனு, கடலூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு நகல். மனுவின் முதல் வரியில் எடுத்தவரின் முழுப்பெயரை எழுதி, அவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.